நத்தார்க் கடனும் முற்றாத கதிரும்

கார்த்திகை கழியுமுன்னரே எமது கடைவீதிகளில் நத்தார் பிறந்துவிடுகிறது. மன்னார்ப் பட்டினத்திலே காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ஒலிபெருக்கிகள் கரோல் கீதங்களை முழங்குகின்றன. அடைமழையில் நனைந்த கடைவாசலிலே, பஞ்சினாற் செய்த பனியின் நடுவே, கம்பளி அங்கி தரித்த நத்தார்த் தாத்தா நிற்கிறார். பள்ளிக்கூடங்கள்தோறும் ஒளிவிழா நடைபெறுகிறது. சைவப் பிள்ளைகளும் அங்கே பாடுகின்றனர். இம்மகிழ்ச்சியை நாம் வெறுப்பவரல்லோம். போரும் இடப்பெயர்வும் எத்தனையோ மார்கழிகளை இருளாக்கிய மண்ணிலே விளக்கெரியக் கண்டு மனம் குளிராதார் யார்?

ஆயினும் நாட்காட்டியை வயலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவராக இருக்கிறோம். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வாழும் நானாட்டான், முருங்கன் பகுதிகளிலே கத்தோலிக்கக் கமக்காரர் பலர் உளர். மார்கழியிலே அவர்களது காலபோக நெல் பச்சைப் பயிராக நிற்கிறது. அறுவடை மாசி, பங்குனியிலேதான். உழவுக்கூலி, விதைநெல், பசளை, களைநாசினி என்று கைப்பணம் யாவும் கரைந்து, ஒரு சதமேனும் திரும்பி வராத வேளையிலே பெருநாள் வந்து சேர்கிறது. தைப்பொங்கலுக்குப் பானையும் அரிசியும் கரும்பும் போதும். நத்தாருக்கோ வீட்டிலுள்ள அனைவருக்கும் புத்தாடை, கேக், பலகாரம், குடில், வெடி என்று கேட்கிறார்கள். கொழும்பிலிருந்தும் கடல்கடந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டாட்டத்தின் அளவை ஆண்டுதோறும் ஒரு படி உயர்த்திவிட்டுப் போகின்றனர். உத்தியோகம் பார்க்கும் எம்மவரும் இக்குற்றத்திற்கு விலக்கானவர் அல்லர்.

கடன் கொடுப்போர் இக்காலத்தை நன்கறிவர். ஓராண்டு மாசி மாதத்திலே ஒரு கமக்காரர் காணி உறுதியுடன் எம்மிடம் வந்தார். பிள்ளைகளுக்குப் பெருநாட் செலவும், வயலுக்கு இரண்டாம் முறைப் பசளையும் ஒன்றாக நெருக்கிய மார்கழி நாளொன்றில் அவர் கையெழுத்திட்டிருந்தார். தோற்றத்தில் அது விற்பனை, உண்மையில் கடன். ஆறு வாரத்துள் பணத்தைக் கட்டினால் நிலம் மீளும் என்பது நிபந்தனை. ஆறு வாரத்தில் எந்த நெல் விளையும்? “அறுத்தவுடன் கட்டிவிடலாமென்று நினைத்தேன், ஐயா” என்றார். அவர் வரும்போது தவணை கடந்துவிட்டது. கதிரோடு நிலமும் போயிற்று. அவ்வுறுதியை எழுதிய நொத்தாரிசும் எமது தொழிலைச் சார்ந்தவரே என்பதைச் சொல்லாமல் விட எமக்கு மனமில்லை.

1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் இத்தகைய கடனாளிக்கென்றே இயற்றப்பட்டது. ஆனால் மீட்புக் காலம் கடந்தபின் கடன் இணக்கச் சபையின் கதவைத் தட்டிப் பயனில்லை. இதை அறிந்த கமக்காரர் எத்தனை பேர்? 2018இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அத்தகைய அறிவிப்பு வயலை எழுதிக் கொடுத்தவருக்கு எவ்வகையிலும் உதவாது.

“ஏழை உண்ணும் கேக் துண்டுக்கும் கணக்குப் பார்ப்பதா?” எனக் கேட்போர் உளர். கேக்கை நாம் தடுக்கவில்லை. திருச்சபையின் முறைப்படி நத்தாருக்கு முந்திய 4 ஞாயிறுகளும் கொண்டாட்டக் காலமே அல்ல, காத்திருக்கும் காலம். குருவானவர் ஊதா நிற உடை அணிகிறார். திருப்பலியில் உன்னதங்களிலே பாடல் நிறுத்தப்படுகிறது. திருவெம்பாவை பாடும் சைவருக்கும் மார்கழி நோன்பு மாதமே. காத்திருப்பதைக் கற்பிக்கும் வாரங்களை அவசரத்தின் வாரங்களாக மாற்றியது வியாபாரமேயன்றி வேதமன்று.

நாம் கேட்பது பெரிதன்று. ஒளிவிழா மேடையில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, அவ்வூர்ச் சட்டத்தரணி ஒருவர் ஈடு இன்னது, அறுதி இன்னது என எடுத்துரைக்கட்டும். கமக்காரர் சங்கங்கள் பெருநாளுக்கு முன்னரே அங்கத்தவரின் கடன் பத்திரங்களை வாசித்துப் பார்க்கட்டும். அறுவடைக்கு முந்திய மீட்பு நாளைக் கொண்ட எந்த உறுதியையும் விளைநிலத்தின்மீது எழுதுவதில்லையென நொத்தாரிசுமார் இம்மார்கழியிலேயே தமக்குள் தீர்மானிக்கட்டும். முதலில் அவ்வாறு தீர்மானிப்பவர்களுள் நாமும் இருப்போம்.