கடைமடை வாய்க்காலுக்கு யார் தலைவர்?

ஜூன் 12 நெருங்கும்போது தமிழகமே மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்க்கிறது. திறந்துவிட்ட தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்த பிறகு அதைப் பின்தொடர்வோர் குறைவு. 2023-இல் அணை உரிய நாளில்தான் திறக்கப்பட்டது. ஆனால், கர்நாடகத்திலிருந்து வரவேண்டிய நீர் வராததால் குறுவை கருகியது. அக்டோபர் 10-இல் அணை மூடப்பட்டது. அத்தகைய ஆண்டுகளில் இழப்பு சமமாகப் பகிரப்படுவதில்லை. தலைமடை நனைந்தது போக மிஞ்சியதே கடைமடைக்கு. அந்தப் பகிர்வுக்கு வாய்க்கால் அளவில் பொறுப்பேற்பவர் யார் என்பதே என் கேள்வி.

தலைமை என்பது டெல்டாவுக்குப் புதிதன்று. 1971-இல் தொடுத்த காவிரி வழக்கைத் தமிழக அரசே 1972-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1983-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவை மீண்டும் தட்டியது விவசாயிகளின் சங்கம். அந்தப் போராட்டத்துடன் மன்னார்குடி எஸ். ரங்கநாதனின் பெயர் பிரிக்க முடியாதபடி இணைந்துள்ளது. 1990 மே 4-இல் வந்த தீர்ப்பின் விளைவாகவே ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. வழக்காடியதோடு அவர் நிற்கவில்லை. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் ‘காவிரிக் குடும்பம்’ என்று ஒன்றாக அமர்ந்தபோதும் அவர் அங்கே இருந்தார். அரசுகள் பேச மறுத்த காலத்தில் உழவர்கள் பேசினார்கள் என்பது சிறிய செய்தியன்று.

பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் அளந்து கொடுத்துவிட்டது. உள்ளூரில் அதே நீரை அளப்பதற்குத்தான் ஆளில்லை. ஏ, பி வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருவது வேளாண் பொறியியல் துறை. ஒரே தண்ணீர் இரண்டு கோப்புகளில் ஓடுகிறது! பாசன நிர்வாகத்தை விவசாயிகளிடம் ஒப்படைக்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆயினும் நான் அறிந்த கிளை வாய்க்கால்களில் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் பெயர்ப்பலகையைத் தாண்டவில்லை. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் புத்துயிர் பெற்றபோது, பத்தில் ஒரு பங்கு விவசாயிகளின் பங்களிப்பு என்றார்கள். சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்தார் என்ற புகார்தான் பல ஊர்களில் மிஞ்சியது.

நெதர்லாந்தில் நீர் வாரியங்களுக்கு மக்கள் வாக்களிக்கிறார்கள்; அவற்றுக்கு வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1887-இன் ரைட் சட்டம் பாசன மாவட்டங்களுக்கு அதே அதிகாரத்தை அளித்தது. அமெரிக்க நீர் மாவட்டக் குழுக்களில் முன்னாள் படைவீரர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஆண்டுக்கணக்கில் பணியாற்றுவது அங்கு வியப்பான செய்தியன்று. நம் ஊர்களிலும் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. மதகடித் தகராறு முற்றினால், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரையோ பட்டாளத்திலிருந்து திரும்பியவரையோதான் இன்றும் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு, கையெழுத்துக்கு மதிப்பில்லை. பணமும் அதிகாரமும் தராமல் பதவியை மட்டும் தந்தால் எந்தத் திறமையாளர் முன்வருவார்?

ஆந்திரத்தின் கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்த ராபர்ட் வேட் 1988-இல் வெளியிட்ட நூலில், நீர் தட்டுப்படும் கடைமடைக் கிராமங்களே பொதுநீர்ப் பாய்ச்சுநரை நியமித்துக் கட்டுக்கோப்பாக இயங்கியதைக் காட்டினார். ஆகவே, சங்கத் தலைமையில் கடைமடைக்கு உறுதியான இடம் வேண்டும் என்பேன். பெருநிலக்காரர்களே தலைமையைக் கைப்பற்றுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. டெல்டாவில் கோயில், மடங்களின் நிலங்களைக் குத்தகைக்கு உழுவோர் ஏராளம். பட்டாவை மட்டும் வைத்து வாக்காளர் பட்டியல் தயாரித்தால், நீர் பாய்ச்சுகிறவரே வெளியில் நிற்பார். சாகுபடி செய்பவருக்கே வாக்கு என்று விதி தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்த ஜூனுக்குள் டெல்டா முழுவதும் தேர்தல் நடத்தச் சொல்லவில்லை. வெண்ணாற்றுக் கிளை ஒன்றில் தொடங்கலாம். தூர்வாரிய அளவைச் சங்கத் தலைவர் ஒப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் என்ற ஓர் அரசாணை போதும், முதல் ஆண்டுக்கு.