பத்து லட்சம் குமாஸ்தாக்கள்

ஆபீஸ் நண்பர் ஒருவர். வயது முப்பத்து நாலு. தலைவலி என்றால் டாக்டரிடம் போகமாட்டார். மேஜை டிராயரிடம் போவார். இரண்டு வருஷமாக வலி மாத்திரையைக் கடலை மாதிரி மென்று கொண்டிருந்தவருக்கு, இன்ஷூரன்ஸுக்காக பி.பி. பார்த்தபோது 170/110. 'மெஷின் ரிப்பேர் ஸார்' என்றார். மெஷின் சரியாகத்தான் இருந்தது. ரிப்பேர் கிட்னியில்.

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். வடிகட்டும் குமாஸ்தாக்கள் என்று வைத்துக் கொள்ளுங்களேன். தினம் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு, பாக்கியை ரத்தத்துக்கே திருப்பித் தருகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஓயாத வலி மாத்திரை இவற்றால் சிலர் அடிபட்டால், உடம்பு அந்தக் காயத்தின் மேல் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைப் பூசி மெழுகுகிறது. சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் தழும்பு மாதிரிதான். ஆனால், தழும்பு முழங்காலோடு நடக்கலாம். தழும்பு விழுந்த நெஃப்ரான் ரிடையர்டு. அந்த ஸீட்டுக்குப் புது ஆள் எடுப்பதில்லை.

மிச்சமிருப்பவர்கள் ஓவர்டைம் பார்க்கிறார்கள். அந்த அழுத்தத்தில் அவர்களுக்கும் தழும்பு. விஷமம் என்னவென்றால், பாதிப் பேர் போகும்வரைகூட ரத்தத்தில் கிரியாட்டினின் 'நார்மல்' என்றே காட்டலாம். வலிக்கவும் வலிக்காது. சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுகிறதா என்று பார்த்தால் முன்னாடியே துப்புக் கிடைக்கும்.

வைத்தியம்? விழுந்த தழும்பை அழிக்க மாத்திரை இன்னும் வரவில்லை. பரவாமல் இழுத்துப் பிடிக்கலாம். வடிகட்டிக்குள் அழுத்தத்தைக் குறைப்பதுதான் சூட்சுமம். காப்டோப்ரில் என்ற மருந்து, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. சர்க்கரை நோயாளிகளின் கிட்னியை அது காப்பதாக 1993-ல் நிரூபித்தார்கள். ஆப்பிள் மரப்பட்டையில் 1835-ல் கிடைத்த ஒரு பொருளின் பேரன் டாபாக்ளிஃப்ளோசின். சர்க்கரை இல்லாதவர்களின் கிட்னிக்கும் அது உதவுகிறது என்று 2020-ல் தெரிந்தது. இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான். பாம்புப் பிடாரனிடம் போக வேண்டாம்.

நண்பரின் கிட்னி இப்போது நாற்பது சதவிகிதம். மாத்திரை டிராயர் காலி. உப்பைக் குறைக்கச் சொன்னதால் ஆவக்காய் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டார். சந்தோஷமாக வாங்கிக் கொண்டு, போகிற வழியில் சும்மா நானும் பி.பி. பார்த்தேன்.

பாட்டில் இன்னும் திறக்கவில்லை.