எங்கே தங்குவது?

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

வெளியூருக்குப் புறப்படும் எவரையும் நம் வீடுகளில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். வண்டி எத்தனை மணிக்கு? கையில் பணம் எவ்வளவு இருக்கிறது? போன இடத்தில் எங்கே தங்குவாய்? முதல் கேள்விக்கு ரயில்வே அட்டவணை பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குக் கடனோ கைமாற்றோ பதில் சொல்லும். மூன்றாவது கேள்விக்குத்தான் பல வீடுகளில் பதில் கிடைப்பதில்லை. பதில் இல்லாத வீட்டில் பயணம் நின்றுபோகிறது. பயணம் நின்றால் தேர்வும், தேர்வு நின்றால் வேலையும் நின்றுபோகின்றன. இதைக் குறித்து நான் எண்ணியவற்றை மாணவத் தோழர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

நம் முன்னோர் இக்கேள்விக்கு விடை கண்டிருந்தனர். முன்பின் அறியாத மதுரைக்கு வந்த கோவலனும் கண்ணகியும் தெருவில் நிற்க நேரவில்லை. கவுந்தியடிகள் அவர்களை ஆயர் குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார் என்கிறது சிலப்பதிகாரம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தாங்கிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. சென்னை சென்ட்ரலுக்கு அருகே சர் சவலை ராமசாமி முதலியாரும் ஒரு சத்திரம் கட்டினார். வழிப்போக்கனுக்கு ஓர் இரவு இடம் தருவதை அறமாகக் கருதிய காலம் அது.

காலம் மாறியது. 1908இல் எழும்பூர் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டத்து மக்களாகிய நமக்குச் சென்னை என்றாலே முதலில் எழும்பூர்தான். நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் லேனிலும் தங்கும் விடுதிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சத்திரம் இருந்த இடத்துக்கு ஓட்டல் வந்தது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஓட்டல் ஒரு தொழில். கட்டடத்துக்குக் கடன், மின்சாரத்துக்குக் கட்டணம், ஆளுக்குச் சம்பளம், சலவைக்குக் கூலி என்று அதற்கும் செலவுகள் உண்டு. அந்தச் செலவை வாடகையாகக் கேட்பது நியாயமே. ஆனால் அந்த வாடகையைக் கொடுக்க முடியாதவர் எங்கே போவது என்பதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. என் கேள்வி அதுதான்.

சென்ற டிசம்பரில் அத்தகைய ஓட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கல்லூரிகளுக்கிடையேயான அறிவியல் வினாடி வினாப் போட்டிக்கு நம் கல்லூரியிலிருந்து மாணவியர் மூவர் சென்றோம். எங்கள் துறைப் பேராசிரியை உடன் வந்தார். தம் கணவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அவரே ஏற்பாடு செய்து, தம் சொந்தப் பணத்தில் இரண்டு அறைகள் எடுத்தார். பெரிய நட்சத்திர ஓட்டல் அன்று. சாதாரண லாட்ஜும் அன்று. ஏழு மாடி, இரண்டு லிப்ட், நூறு அறைக்கு மேல். வரவேற்பு மேசையில் நால்வரின் ஆதார் அட்டையையும் வாங்கி நகல் எடுத்துக்கொண்டு, பேரேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அறை ஒன்றுக்கு வாடகை 2,400 ரூபாய், வரி 120 ரூபாய், ஆக 2,520 ரூபாய். என் அம்மா பீடி சுற்றுகிறார். அவருடைய ஒரு வாரக் கூலி இதைவிடக் குறைவு.

அந்த அறையில் என்ன இருந்தது? வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், வெந்நீர் வரும் குழாய், இரண்டு துண்டு, உள்ளே தாழிடக்கூடிய கதவு. இவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றியது அந்தத் தாழ்ப்பாள்தான். சன்னலுக்குக் கீழே தண்டவாளம் தெரிந்தது. ரயில்களின் ஓசை இரவெல்லாம் கேட்டும் நான் விழிக்கவில்லை. காலையில் குளித்து, வயிறார இட்டிலி உண்டு, தெளிந்த தலையோடு போட்டி மண்டபத்துக்குச் சென்றேன். அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர் ஒடிசாவைச் சேர்ந்தவர். எங்கள் வயதுதான் இருக்கும். அவர் தங்குவது எங்கே என்று பேராசிரியை கேட்டார். மொட்டை மாடிக் கொட்டகையில் பத்துப் பேரோடு என்று அரைகுறைத் தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

போட்டியில் நாங்கள் இரண்டாம் இடம் பெற்றோம். வட மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றின் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. மதிய உணவின்போது அவர்களோடு பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் முன்னிரவே வந்து, விடியும்வரை ரயில் நிலையத்தின் காத்திருப்போர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி உறங்கினால் மற்றவள் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டார்களாம். மேடையில் சொல்ல முடியாமல் போன ஒரு விடையை, ஒளிமின் விளைவு பற்றியது, அந்த அணியின் மாணவி சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு அழகாக விளக்கினாள். எங்களைவிடத் தெளிவாகவே விளக்கினாள். "மேடையில அது வாய்க்கே வரலைக்கா" என்றாள். அவளுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. அவளுக்கு முந்தைய இரவு கிடைக்கவில்லை.

அறிவியல் பயிலும் நமக்குச் சோதனைச் சாலையில் முதலில் கற்பிப்பது என்ன? இரண்டு பொருள்களை ஒப்பிட வேண்டுமானால் மற்ற நிலைகள் யாவும் சமமாக இருக்க வேண்டும். வெப்பநிலை மாறினால் மின்தடை மாறும். அந்த அளவீட்டை வைத்துக் கம்பியைக் குறை சொல்லக் கூடாது. தேர்வும் ஓர் ஒப்பீட்டுச் சோதனைதான். ஒருவர் கட்டிலில் உறங்கி எழுந்து வருகிறார். மற்றவர் நடைமேடையில் விழித்திருந்து வருகிறார். இருவருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, கிடைத்த மதிப்பெண்ணைத் திறமை என்று எழுதிக்கொள்கிறோம். எந்தச் சோதனைச் சாலையும் இந்த அளவீட்டை ஏற்காது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று எவரும் கருத வேண்டாம். டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்ககால் உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைகிறது என்பது அதன் சாரம். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 விழுக்காடு. சாலையில் வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று சட்டம் சொல்லும் நிலையைவிட மோசமான நிலையில் நம் தோழர்கள் தேர்வு எழுதுகிறார்கள். அதுவும் ஒரு சொட்டு மது அருந்தாமலேயே!

பெண்களின் நிலை இன்னும் கடினம். மாணவன் ஒருவன் துண்டை விரித்து நடைமேடையில் படுத்துவிடுவான். மகளை அப்படி அனுப்ப எந்தத் தந்தை துணிவார்? ஆகவே அவரும் உடன் வர வேண்டும். இரண்டு டிக்கெட், இரண்டு நாள் கூலி இழப்பு, அதற்குமேல் அறை வாடகை. என் பெரியம்மா மகளுக்குச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. விசாரித்த இரண்டு லாட்ஜுகளிலும் தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். 18 வயது நிரம்பிய பெண் தனியே அறை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் சட்டத்தைச் சொல்லி வாதாடும் இடமா அந்த மேசை? அக்கா போகவில்லை. அந்த அழைப்புக் கடிதம் இன்னும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

இப்போது எல்லாம் வீட்டிலிருந்தபடியே நடக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையவழிக்கு மாறியதால் எத்தனையோ குடும்பங்களின் சென்னைப் பயணம் மிச்சமானது. குரூப் 4 போன்ற தேர்வுகளுக்கு நம் பக்கத்து ஊர்களிலேயே மையங்கள் இருக்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் நேர்முகத் தேர்வு, செய்முறைத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, ஆய்வு நிறுவனங்களின் பயிற்சி முகாம் என்று நேரில் போக வேண்டியவை இன்னும் இருக்கின்றன. வேலை கிடைக்கும் கடைசிப் படி பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறது.

ரயில் நிலையங்களில் ஓய்வறைகள் உண்டு என்பதும் தெரியும். அவற்றின் எண்ணிக்கை குறைவு. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இல்லாதவருக்கு அவை கிடைப்பதில்லை. பொதுப் பெட்டியில் நின்றுகொண்டு வருபவருக்கு அந்தக் கதவு திறக்காது. 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 விழுக்காடு வரி விதித்தார்கள். அதற்கு முன் அவற்றுக்கு விலக்கு இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 விழுக்காடு என்று குறைத்திருக்கிறார்கள். குறைத்தது நல்லது. ஆனால் 600 ரூபாய் அறைக்கும் 6,000 ரூபாய் அறைக்கும் ஒரே விகிதம் என்பது ஏழைப் பயணியை எண்ணிச் செய்ததாகத் தெரியவில்லை.

குறை சொல்வதோடு நில்லாமல் என் சிற்றறிவுக்கு எட்டிய வழிகளையும் கூறுகிறேன்.

முதலாவது, ரயில்வேக்கு. எழும்பூர், மதுரை, காட்பாடி, இராமேசுவரம், கன்னியாகுமரி ஆகிய ஐந்து நிலையங்களைப் புதுப்பிக்க 2022 மே 26 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு 1,800 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை கோடியில் எழும் கட்டடங்களில், தேர்வு நுழைவுச் சீட்டையோ நேர்முக அழைப்பையோ காட்டினால் குறைந்த கட்டணத்தில் ஓர் இரவு படுக்கை தரும் இரண்டு கூடங்கள், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று, அமைப்பது பெரிய காரியமா?

இரண்டாவது, ஓட்டல் உரிமையாளர்களுக்கு. நண்பகல் 12 மணிக்கு நாள் தொடங்கும் என்னும் முறை பல ஓட்டல்களில் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் இரவு வண்டிகளோ விடியற்காலையில் வந்து சேர்கின்றன. காலை ஆறு மணிக்கு வந்து பத்து மணிக்குத் தேர்வுக்குப் போகிறவருக்கு வேண்டியது குளிக்க ஒரு குளியலறையும் மூன்று மணி நேரப் படுக்கையும்தான். அதற்கு ஒரு நாள் வாடகை முழுவதையும் கேட்பதற்குப் பதில், காலை நேரத்துக்கென்று தனிக் கட்டணம் வைக்கலாம். காலியாகக் கிடக்கும் அறைக்கு ஏதேனும் வருமானம் வருவது அவர்களுக்கும் நட்டமில்லை.

மூன்றாவது, நமக்கு. இதையே முதன்மையாகக் கருதுகிறேன். நம் கல்லூரியும் ஒரு தேர்வு மையம். தேர்வு நாளன்று காலையில் நம் வாயிற்கதவுக்கு முன்னே, வேப்பமரத்தடியில், பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதல் பேருந்தை நம்பினால் நேரத்துக்கு வர முடியாத மலையடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்து முந்தைய இரவே வந்துவிட்டவர்கள் அவர்கள். அந்த ஓர் இரவு மட்டும் தரைத்தளத்தில் நான்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்டால் என்ன? பாய் விரித்துக் கொடுக்கவும், குடிநீர் வைக்கவும், கழிப்பறை விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போதும். பெண்கள் பகுதிக்குப் பேராசிரியை ஒருவரும் காவலர் ஒருவரும் இருந்தால் போதும். அதுபோலவே, மாநிலத்து அரசுக் கல்லூரிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, அடையாள அட்டை காட்டும் பிற கல்லூரி மாணவருக்குத் தத்தம் விடுதியில் ஓர் இரவு இடம் தரலாம். சென்னைக் கல்லூரி மாணவர் குற்றாலச் சாரலுக்கு வந்தால் நம் விடுதியில் தங்கட்டும். நாம் நேர்முகத் தேர்வுக்குப் போனால் அவர்கள் விடுதியில் தங்குவோம்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நம்மில் பலரும் அப்படித்தான். நகரத்தில் நமக்கு மாமா வீடு இல்லை, சித்தப்பா வீடு இல்லை. நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கையருக்கு நாம்தான் அந்த வீடு. படித்து முடித்து நகரத்தில் நாளை நாம் ஓர் அறை எடுக்கும்போது, ஊரிலிருந்து தேர்வுக்கு வரும் ஒருவருக்கு அதில் ஒரு பாய்க்கு இடம் வைப்போம். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. வரும் தேர்வுக்கு முந்தைய மாலையில் நான்கு வகுப்பறைகளின் சாவியைத் தருமாறு முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பாய் சேகரிக்கும் பொறுப்பை இரண்டாமாண்டு இயற்பியல் வகுப்பு ஏற்கும் என்று என் வகுப்புத் தோழியரிடம் பேசியே இதை எழுதுகிறேன்.