குத்தகை யாருக்கு? குடியிருப்பு யாருக்கு?

நாகலாபுரம் டீக்கடையில் ஒரு பேச்சு. மிளகாய்ப் பழம் பறித்துவிட்டுத் திரும்பிய விவசாயத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "மாஞ்சோலை எஸ்டேட்டுக்குத் தொண்ணூத்தொம்பது வருசக் குத்தகையாம்லா. கெடு முடிஞ்சா வீட்டை விட்டு எறங்க வேண்டியதுதான, தோழர்?"

நேர்மையான கேள்வி. பதில் சொல்வது நம் கடமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். அந்தக் குத்தகை மாஞ்சோலைத் தொழிலாளிக்கு எழுதித் தரப்பட்டதல்ல. 1929-ம் வருஷம் பிப்ரவரியில் சிங்கம்பட்டி ஜமீன்தார் பம்பாய் பர்மா கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது அது. மேற்கு மலையில் சுமார் 8,374 ஏக்கர். கெடு 2028 பிப்ரவரி வரை. கம்பெனி எப்பேர்ப்பட்டது? 1885-ம் வருஷம் வெள்ளை ஏகாதிபத்தியம் பர்மா மீது படையெடுத்தபோது, அதற்குச் சாக்காகக் காட்டியது இந்தக் கம்பெனிக்குப் பர்மா அரசு போட்ட அபராதத்தைத்தான்!

ஜமீன்தார் மலையைக் கொடுத்தார். கம்பெனி பணத்தைக் கொடுத்தது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது யார்? நெல்லைச் சீமையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மலையேறிய ஏழை ஜனங்கள். நம் கரிசலில் ஒரு மழைக்கு வானத்தைப் பார்த்துத் தவம் கிடக்கிறோம். அங்கே நாலுமுக்கிலும் ஊத்திலும் கொட்டுகிற மழையில், அட்டைக்கடியில், அவர்கள் கொழுந்து பறித்தார்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து குடியிருப்புகள் உண்டாயின. லைன் வீடுகளில் பிள்ளை பெற்றார்கள். பெரியவர்களை அங்கேயே அடக்கம் செய்தார்கள். இப்படியே தலைமுறைகள் கழிந்தன. ஆனால் இரண்டு பேர் போட்ட பத்திரத்தில் இந்த மூன்றாமவன் பெயர் எங்கேயும் இல்லை.

நாடு விடுதலை பெற்றது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1952-ல் சிங்கம்பட்டி ஜமீனைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஜமீன் போயிற்று; ஜமீன் எழுதிய குத்தகை போகவில்லை! நிலம் சர்க்காருக்கு, தேயிலை கம்பெனிக்கு. உழைத்தவனுக்கு என்ன? 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரச் சொன்னது உண்மை. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டிய வீடு. வேலை போனால் கூரையும் போகும்.

அந்தத் தொழிலாளர்கள் கூலிக்காகவும், சிறையிலிருந்த தோழர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடி அவர்களைத் தாமிரபரணியில் தள்ளியது. 17 உயிர்கள் பலியாயின. அதில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. மறக்க முடியுமா?

2018-ல் அந்த மலை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில் கம்பெனி 'விருப்ப ஓய்வு' என்று கையெழுத்து வாங்கியது. ஆகஸ்டுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. யாருடைய விருப்பம்? குத்தகை முடிய இன்னும் மூன்றரை வருஷம் இருந்தது! கெடு முடியுமுன்னரே கம்பெனி தன் கணக்கை முடித்துக்கொண்டது. நடுத்தெருவில் நின்றவர்கள் ஐநூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். தேயிலைத் தோட்டத்தைச் சர்க்காரின் 'டான்டீ' ஏற்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யும்படி மட்டும் சர்க்காருக்குச் சொன்னது.

இனி இந்த 99 வருஷக் கணக்கைக் கொண்டுவந்த வெள்ளையனின் சொந்த நாட்டைப் பாருங்கள். லண்டனில் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் பெரும்பாலும் 99 வருஷம், 125 வருஷம் என்று குத்தகைக்குத்தான் வாங்குகிறார். அடிநிலம் வேறொருவனுக்குச் சொந்தம். கெடு குறையக் குறைய வீட்டின் மதிப்பு விழும். நீட்டிக்கும் செலவு ஏறும். ஆனால் 1993-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நிலச் சொந்தக்காரன் முகத்தைச் சுளித்தாலும், உரிய பணத்தைக் கட்டி மேலும் 90 வருஷம் நீட்டிக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்குக் கிடைத்தது. 2024-ம் வருஷச் சட்டம் அதை 990 வருஷமாக்க வழி செய்திருக்கிறது. அதாவது, கெடுவை நீட்டிக்கும் உரிமை வீட்டில் வாழ்கிறவனுக்கு! இங்கேயோ, நீட்டிப்பதும் முறிப்பதும் சர்க்காருக்கும் கம்பெனிக்கும் உள்ள பேச்சு.

நம் நாட்டில் இது முடியாத காரியமா? இல்லை. குத்தகை ஒழுங்காகக் கட்டும் விவசாயியை மனம்போல் வெளியேற்றக் கூடாது என்று 1955-ல் இங்கே சட்டம் வந்தது. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையே சொந்தம் என்று 1971-ல் சட்டம் வந்தது. உழுகிறவனுக்கு ஒரு நியாயம், தேயிலை பறித்தவனுக்கு ஒரு நியாயமா?

"காட்டைக் காக்க வேண்டாமா?" என்பார்கள். காக்கத்தான் வேண்டும். அந்த மலை தரும் தண்ணீரில்தான் நம் ஜில்லாக்களின் வயலும் தொண்டையும் நனைகின்றன. ஆனால் காட்டை அழித்து லாபம் சம்பாதித்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக, அதன் தண்டனையைக் கூலிக்காரன் அனுபவிப்பதா? காட்டை மீட்கும் வேலையை அந்த மலையை அறிந்த அந்தக் கைகளிடமே கொடுக்கட்டும். கீழே இறங்கத்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பட்டாவோடு வீடும், பக்கத்திலேயே வேலையும் கொடுத்த பிறகு இறங்கச் சொல்லட்டும். இதுவே நம் கோரிக்கை.

நாகலாபுரம் தோழருக்கு இன்னொன்றும் சொல்கிறோம். மில் லைனில் இருக்கிறோமா, கோயில் மனையில் இருக்கிறோமா, பிறத்தியார் நிலத்தில் இருக்கிறோமா? இன்றிரவே தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகிதம் யார் பெயரில் இருக்கிறது? கெடு எந்த வருஷம்? வாடகை ரசீது பத்திரமாக இருக்கிறதா? கெடு முடியுமுன்பே நீட்டிக்கும்படி எழுத்தில் மனுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். படிக்காத காகிதத்தில், வெற்றுக் காகிதத்தில், கைநாட்டு வைக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்; தெருவே சேர்ந்து போங்கள்.

கெடு குத்தகைக்கு உண்டு. குடியிருக்கும் மனிதனுக்குக் கெடு இல்லை.