தூக்குறதுக்கு ஆளா இல்ல?

நள்ளிரவு விமானம். சிங்கப்பூரில் நாத்தனார் வீட்டில் பத்து நாள். மடிப்பாக்கத்து வீட்டின் ஹாலில் மூன்று பெட்டிகள் பூட்டித் தயாராக நின்றன. நாலாவதாக ஒன்று, பூட்டவும் முடியாமல் ஒதுக்கவும் மனம் வராமல், நட்டநடுவில் நின்றது. ஒன்றே முக்கால் வயது மகளின் ஸ்ட்ரோலர். அப்பா இஞ்ச் டேப்போடு அதன் முன் குந்தியிருந்தார். அம்மா விமான நிறுவனத்தின் பேகேஜ் விதிகளை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். பாட்டிதான் சோபாவிலிருந்து கேட்டார்: "மூணு பேர் போறோம். ஒரு குழந்தையைத் தூக்குறதுக்கு ஆளா இல்ல? இந்தத் தேரையும் இழுத்துக்கிட்டா போகணும்?"

கேள்வியில் நியாயம் உண்டு. கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயது நிறையும் பெண் குழந்தையின் சராசரி எடை சுமார் 11.5 கிலோ, ஆண் குழந்தைக்கு 12.2 கிலோ. நம் ஊர் விமானங்களில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கும் பை பெரும்பாலும் 7 கிலோ. அந்த ஏழு கிலோவைத் தூக்க மாட்டாமல்தான் ஊரே சக்கரம் வைத்த பெட்டி வாங்கியிருக்கிறது. பதினோரு கிலோவைத் தூக்குவதற்கு மட்டும் இடுப்பு இலவசம். அதுவும் இந்தப் பதினோரு கிலோ கால் உதைக்கும், கண்ணாடியைப் பிடுங்கும், தூங்கிவிட்டால் இரண்டு மடங்கு கனக்கும்.

மூன்று பேர் என்பதையும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி; வீல்சேர் கேட்டுப் பதிவு செய்தாயிற்று. அப்பாவின் ஒரு கையில் பாஸ்போர்ட் கட்டு, மறுகையில் டிராலி. மீதி இருப்பது ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தை வண்டி மடங்கக் கற்றுக்கொண்டதே ஒரு விமானப் பொறியாளரிடமிருந்துதான். இங்கிலாந்தின் ஓவன் மக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைத்ததில் பங்குள்ளவர். பணி ஓய்வுக்குப் பிறகு, வெளிநாட்டில் இருந்த மகள் கைக்குழந்தையோடும் கனத்த ப்ராமோடும் பயணம் செய்யும் அவஸ்தையைச் சொல்லக் கேட்டார். பறக்கும்போது சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கிக்கொள்ளும் இயந்திரத்தோடு வாழ்ந்தவருக்கு, வண்டி ஏன் மடங்கக் கூடாது என்று தோன்றியதில் வியப்பில்லை. அலுமினியக் குழாய், கோடுபோட்ட துணி, குடைபோல் சுருங்கும் சட்டம். மொத்த எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1967இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகமெங்கும் மடங்கும் வண்டிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் வாரிசுகள்.

மடங்குவது என்றால் கீல் இருக்கும். கீல் இருந்தால் விரல் மாட்டும். 2009 நவம்பரில் அதே மக்லாரன் நிறுவனம், கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டான புகார்களை அடுத்து, அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கீலுக்கு உறை கொடுத்தது. செக்யூரிட்டி வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டுகிறாரே என்று அவசரமாக மடக்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் கை எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

அப்பாவின் இஞ்ச் டேப்புக்கு வருவோம். அவர் கண் வைத்திருந்தது வீட்டில் நிற்கும் பழைய வண்டியின் மீது அல்ல. நண்பர் இரவல் தருவதாகச் சொன்ன பிரெஞ்சு வண்டியின் மீது. பேபிசென் நிறுவனத்தின் யோயோ, 2012இல் வந்தது. மடித்தால் 52, 44, 18 சென்டிமீட்டர். "விமானத்துக்குள்ளேயே கொண்டுபோகலாம், மேலே லக்கேஜ் வைக்கிற இடத்துல வெச்சுடலாம்" என்பது அதன் பெருமை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வழிகாட்டியாகச் சொல்லும் கைப்பை அளவு 56, 45, 25. அதற்குள் அழகாக அடங்கும். ஆனால் இந்திய நிறுவனங்கள் பலவற்றின் அளவு 55, 35, 25. வண்டியின் 44, அங்கே 35இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. எடையோ சுமார் ஆறு கிலோ. ஏழு கிலோ கணக்கில் சேர்த்துவிட்டால் மிச்சமிருக்கும் இடம் நாலு டயப்பருக்கும் ஒரு பால்புட்டிக்கும்தான். கவுன்ட்டரில் இருப்பவர் நல்ல மனநிலையில் இருந்தால் விடுவார். நல்ல மனநிலையை நம்பி விலையுயர்ந்த இரவல் பொருளை எடுத்துப்போவது தைரியசாலிகளுக்கான விளையாட்டு.

இதைவிடச் சின்னதும் இருக்கிறது. பாக்கிட் என்ற வண்டி மடித்தால் 30, 18, 35 சென்டிமீட்டர். உலகிலேயே மிகச் சிறிதாக மடியும் ஸ்ட்ரோலர் என்று 2014இல் கின்னஸில் ஏறியது. எந்த அளவுப் பெட்டியிலும் நுழையும். ஆனால் அந்த முதல் மாடலில் முதுகைச் சாய்க்க முடியாது. குழந்தை தூங்கினால் தலை தொங்கும். விமான நிலையத்தில் ஸ்ட்ரோலர் எதற்கு என்ற கேள்விக்கு ஒரே உருப்படியான பதில் தூக்கம்தான் என்பதால், இது சின்னக் குறை இல்லை. பகலில் இந்த வயதுக் குழந்தை வண்டியில் உட்காரவே உட்காராது.

உட்காராது என்பது மட்டுமல்ல, தானே தள்ளும். தமிழில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர். அதில் குழந்தை தேரில் ஏறி உட்காருவதில்லை; தேரை உருட்டுகிறது. நம் வீடுகளில் இருந்த மூன்று சக்கர மர நடைவண்டியும் குழந்தை தள்ளுவதற்குத்தான். ஆகவே, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியிலிருந்து வழுக்கி இறங்கி, அதன் பின்னால் போய் நின்று, எதிரே வருகிறவர்களின் கணுக்காலில் இடித்தபடி தள்ளிப்போகும் குழந்தையைக் கோபிக்க வேண்டாம். மரபில் நிற்கிறது.

விமான நிலையத்தில் வண்டியோடு நுழைந்தவர்களுக்கு முதல் பரீட்சை செக்யூரிட்டி. குழந்தையை இறக்க வேண்டும், வண்டியை மடிக்க வேண்டும், எக்ஸ்ரே பெல்ட்டில் ஏற்ற வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பித்தான் ஆக வேண்டும். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களுக்கான திரைமறைவுக்குள் போய்விடுவார். இந்தப் பக்கம் அப்பா ஒரு காலால் லீவரை மிதித்து, ஒரு கையால் பட்டையை இழுத்து, மறுகையால் லேப்டாப்பை டிரேயில் வைத்து, பெல்ட்டைக் கழற்றி, பேன்ட்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு கை குறைவது எண்ணிப் பார்த்தால் தெரியும். வண்டியின் அடிப்பையில் குட்டி மின்விசிறிக்கான பவர் பேங்க் கிடந்தால் அதை அங்கேயே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வது உத்தமம். சரக்கறைக்குள் போகும் எதிலும் பவர் பேங்க் இருக்கக் கூடாது.

இரண்டாவது பரீட்சை கேட்டில். பெரும்பாலான நிறுவனங்கள் கைக்குழந்தைக்கு ஒரு ஸ்ட்ரோலரை இலவசமாக ஏற்கின்றன. விமானத்தின் வாசல் வரை தள்ளிப்போய் அங்கே ஒப்படைக்கலாம். பஸ்ஸில் ஏற்றி ஓடுதளப் பக்கம் கொண்டுபோய் இறக்கினால் கதை மாறும்: ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் மடித்த வண்டி, எதிரே படிக்கட்டு. (இண்டிகோ படிக்குப் பதிலாகப் போடும் நீண்ட சரிவுப்பாதையை வண்டிக்காரர்கள் மனதார வாழ்த்துவார்கள்.) ஒப்படைத்த வண்டி திரும்பக் கிடைப்பது எங்கே என்பதுதான் முழுப் பயணத்தின் முடிச்சு. சில ஊர்களில் விமானக் கதவருகே தருவார்கள். பல ஊர்களில் பெட்டிகளோடு பெல்ட்டில்தான் வரும். கட்டும் டேக்கில் மூன்று எழுத்து அச்சாகியிருக்கும். சென்னையிலிருந்து துபாய் வழியாக சான்ஃபிரான்சிஸ்கோ போகிறவர்களின் வண்டியில் எஸ்எஃப்ஓ என்று டேக் விழுந்தால், துபாயில் காத்திருக்கும் மணி நேரங்களில் அந்த வண்டியைப் பார்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு இடையில் இறங்கும் ஊர்தான் உண்மையான சோதனை.

இதற்கு அந்த ஊர்களே ஒரு வழி வைத்திருக்கின்றன. சிங்கப்பூரின் சாங்கியில் விமான நிலையமே இலவச ஸ்ட்ரோலர் தருகிறது. துபாயில் எமிரேட்ஸ் பயணிகளுக்கு அந்த வசதி உண்டு. அங்கே இறங்கி நடக்கப் போகிறவர்கள் சொந்த வண்டிக்காக உயிரை விட வேண்டியதில்லை.

அப்புறம் தரை. இதை யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையங்களுக்கு லிஃப்ட் இருக்கிறது; 2017 ஏப்ரல் முதல் பொதுப் பேருந்துகளிலும் மடிக்காமலே ஸ்ட்ரோலரோடு ஏறலாம். அங்கே வண்டி கொண்டுபோவது வீணாகாது. எதிர்த்திசையில், நியூஜெர்சியிலிருந்து டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை வருகிறவர்களின் பெரிய சக்கர வண்டிகள் பாண்டி பஜாரின் 2019இல் திறந்த அகலமான நடைபாதையில் ஒரு மாலை ராஜநடை போடும். அடுத்த தெருவில் திரும்பியதும் டிரான்ஸ்ஃபார்மர், பைக், இளநீர்க்கடை என்று நடைபாதை முடிந்துவிடும். மெரினா மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் கடலோரம் வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பிய்த்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிற திட்டம் என்றால், வாசல்படியிலேயே குழந்தை மறுபடியும் இடுப்புக்கு வந்துவிடும். அங்கெல்லாம் பாட்டி சொன்னதுதான் சட்டம்.

இந்தப் பத்தி எந்தக் கட்சி என்று கேட்டால்: சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு தாவல், அங்கே தாத்தா கார் கொண்டுவருவார் என்றால் வண்டி வேண்டாம். இரவு விமானம், அல்லது நடுவில் ஓர் ஊர், அல்லது போகிற ஊரில் நடை அதிகம் என்றால் வேண்டும். ஆனால் நல்ல வண்டி வேண்டாம். மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் வண்டி, சாயும் முதுகு, ஒரு கீறல் விழுந்தாலும் வயிறு எரியாத பழசு, அது போதும். சரக்கறையில் போட்டதை எடுக்கும்போது சக்கரம் ஆடும், கைப்பிடி வளையும். உடைந்திருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கை, சேதமான பெட்டிக்கு எழுத்தில் புகார் தர ஏழு நாள்தான் அவகாசம் தருகிறது. உள்நாட்டில் இழப்பீட்டின் உச்சம் 20,000 ரூபாய். கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் வாதாடச் சௌகரியம்.

இன்னொன்று, வண்டிக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும்: மடியில் வைத்துப் பறப்பது இரண்டு வயது நிறையும் வரைதான். போகும்போது 23 மாதம், திரும்பும்போது பிறந்தநாள் தாண்டியிருந்தால், திரும்புவதற்குத் தனி இருக்கை வாங்க வேண்டும்.

மடிப்பாக்கத்தில் எட்டரை மணிக்குத் தீர்ப்பு வந்தது. இரவல் வண்டி வேண்டாம், பழையதே போகட்டும். கூடவே அம்மா, தோளில் மாட்டிக் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி கேரியரையும் கைப்பையில் திணித்தார். பாட்டி முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

செக்யூரிட்டியில் விழித்து அழுத குழந்தை, பத்தரைக்கு மறுபடி வண்டியிலேயே தூங்கிவிட்டது. போர்டிங் அழைக்கும் வரை மூன்று பேரும் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். அப்பா காபிகூடக் குடித்தார். கேட்டில் வண்டியை வாங்கிக்கொண்ட பெண், "பெல்ட்லதான் வரும் சார்" என்றார். அப்பா டேக்கைத் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சாங்கியில் விடிந்திருந்தது. கதவிலிருந்து இமிக்ரேஷன் வரை அம்மாவின் நெஞ்சில் தூங்கிக்கொண்டே வந்த குழந்தை, பெல்ட் சுற்ற ஆரம்பித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தது. மூன்று பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு சக்கரம் கோணியபடி, வண்டி வந்தது. அப்பா விரித்துவைத்தார். இறங்கினாள், ஏறவில்லை. பின்னால் போய்க் கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். வீல்சேரிலிருந்த பாட்டி தன் கைப்பையையும் முறுக்கு டப்பாவையும் எடுத்து வண்டியின் இருக்கையில் வைத்து, பட்டையையும் போட்டுவிட்டார்.