மொட்டைத் தலையும் முட்டாள் பேச்சும்

தைப்பூசத்தன்று பத்துமலையில் எத்தனை தலைகள் மழிக்கப்படுகின்றன! மழித்த தலையிற் சந்தனம் பூசி வரும் தாயைக் கண்டு நம்மவர் கை கூப்புகின்றனர். அதே நம்மவர், புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடியுதிர்ந்த பெண்ணொருத்தி கலியாணப் பந்தலுக்கு வந்தால் முகஞ் சுளிப்பதேன்? முருகனுக்குக் கொடுத்த முடி புண்ணியம், உயிரைக் காக்கக் கொடுத்த முடி அபசகுனமோ?

இது வெறும் வாதத்திற்காகக் கேட்பதன்று. பத்து பாகாட்டில் நாம் கிராணி வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில், மார்பிற் புற்றுநோய் கண்ட ஓர் அம்மாள் ஜொகூர் பாருவுக்குப் போய் இருமுறை மருந்தேற்றிக்கொண்டார். முடி கொத்துக் கொத்தாய்த் தலையணையிற் கிடந்ததாம். மூன்றாம் முறைக்குரிய நாளில் அவர் போகவில்லை. ஏனென்று கேட்டோம். "அண்ணன் மகளுக்குப் பரிசம் போடுகிறார்கள், ஐயா. இந்தத் தலையோடு எதிரே வராதே என்கிறார்கள். இருக்கிற முடியாவது நிற்கட்டும்" என்றார். ஆங்கிலப் பள்ளியிற் படித்தோமென்று மார் தட்டும் நாம், அன்று அவர் முகத்தைப் பாராமல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று வாரங் கழித்து மகள்தான் கட்டாயப்படுத்தி அழைத்துச் சென்றாள்.

அந்தப் பரிசத்தன்று வழுக்கைத் தலை மாமன் ஒருவர் தட்டேந்தி முன்னே நடந்தார். அவரை எவரும் தடுக்கவில்லை!

முடியுதிர்வது மருந்தின் வேலை. விரைந்து பெருகும் உயிரணுக்களை அம்மருந்து அழிக்கிறது. முடி வேரின் அணுக்களும் விரைந்து பெருகுவனவாதலால் அவையும் அடிபடுகின்றன. முதல் மருந்தேறி 2, 3 வாரங்களிற் கொட்டத் தொடங்கும். சிகிச்சை முடிந்து சில மாதங்களிற் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும், சிலருக்குச் சுருண்டும் நிறம் மாறியும். எல்லா மருந்துக்கும் உதிர்வதில்லை. கதிர்வீச்சிலோ கதிர் பட்ட இடத்து முடி மட்டுமே போகும். தலையைக் குளிர்வித்து உதிர்வைக் குறைக்கும் தொப்பியும் உண்டு. எல்லா நோய்க்கும் அது ஆகாது, எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. தைலம் தடவினால் நிற்குமென்று விற்க வருபவனை வாசலிலேயே நிறுத்துங்கள்.

இந்த அருவருப்பு எங்கிருந்து வந்தது? சில வகுப்பார் விதவையின் தலையை மழித்து மூலையில் உட்காரவைத்த பழைய கொடுமையிலிருந்தே என்பது நம் துணிபு. கத்தி போயிற்று, அந்தக் கண் இன்னும் போகவில்லை. 1923-இல் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, விடாது பாடுபட்டு 1954-இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். ஒரு தமிழ்ப் பெண் அவ்வளவு செய்தாள். நாம் சிகிச்சைக்குப் போகிறவளை வாய்ப்பேச்சால் திருப்பி அனுப்புகிறோம்.

திருப்பதியில் இறக்கிய முடி ஏலத்திற் போய் அயல்நாடுகளில் டோப்பாவாகிறது. அதனை அணிவதோ, முக்காடிடுவதோ, வெறுந்தலையோடு வருவதோ அந்த அம்மாளின் விருப்பம். அடுத்த மாதம் கலியாணம். அழைப்பிதழ் நமக்கும் வந்திருக்கிறது. அவர் முன்வரிசையில் அமராவிடில் நாமும் பந்தியில் அமரப்போவதில்லையென்று வீட்டாரிடம் சொல்லிவிட்டோம்.