பெயர் கேட்காத பரிசோதனை

1990-ல் உகாண்டாவின் கம்பாலா நகரில் எய்ட்ஸ் தகவல் மையம் திறக்கப்பட்டபோது, வந்தவர்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. ஓர் எண் கொடுத்தார்கள். ரத்தம் எடுக்கும் முன்னும், முடிவைச் சொல்லும்போதும் ஆலோசகர் உட்கார்ந்து பேசினார். நோயை அடக்கும் மருந்து அந்நாட்டு ஏழைகளுக்கு எட்டாத காலம் அது. இருந்தும் மக்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன் ஜோடியாக வந்தவர்களும் உண்டு.

அதற்கு முந்தைய ஆண்டு, கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்தார். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் போலீஸ் அவரைத் தேடி வந்தது. பழைய காசநோய் மருத்துவமனை ஒன்றில் 64 நாள் அடைத்துவைத்தார்கள். மாநில சுகாதாரச் சட்டமே அதற்கு இடம் கொடுத்தது.

இன்று நிலைமை அப்படியில்லைதான். சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் முடிவை வெளியிடுவதையும் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் ரகசியத்தைக் காப்பது வேறு, ரகசியமே உருவாகாமல் பார்த்துக்கொள்வது வேறு. சிறிய ஊரின் அரசு மருத்துவமனையில் பதிவேட்டைப் புரட்டுபவர் பக்கத்துத் தெருக்காரராக இருக்கலாம். சட்டப் புத்தகத்தை நம்பி அங்கே யார் பெயர் கொடுப்பார்கள்?

பெயர் தெரியாவிட்டால் நோயாளியைச் சிகிச்சைக்குக் கொண்டுவருவது எப்படி என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. 2004 முதல் இந்தியாவில் எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து இலவசம். 2017 முதல் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே தொடங்க வேண்டும் என்பது கொள்கை. மருந்து வாங்கப் பதிவு வேண்டும், சரி. அந்தப் பதிவைப் பரிசோதனை அறையின் வாசலிலேயே ஏன் கேட்க வேண்டும்? பயந்து வராமலே போனவரை எந்தப் பதிவேடும் தேடித் தராது.

வாசலுக்கும் மருந்துக்கும் நடுவே கைபிடித்து அழைத்துப்போவது ஆலோசகரின் வேலை. அவரையோ ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறோம். அவருக்கு மாற்றாகத் தோன்றும் சுயபரிசோதனைக் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. அது பெயரைக் கேட்காது, ஆனால் முடிவைப் பார்த்து உறைந்து நிற்பவரிடம் பேசவும் பேசாது.

தமிழகத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் பெயரின்றிப் பரிசோதிக்கும் வழி இருக்க வேண்டும். ஆதாரோ கைபேசி எண்ணோ தேவையில்லை என்று வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஆலோசகர்களின் பணியை நிரந்தரமாக்க அடுத்த பட்ஜெட்டிலேயே அரசு பணம் ஒதுக்க வேண்டும்.